வெந்தவர் கோட்டா

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால், அதற்குப் பிறகு எல்லாமே ஒழுங்காக நடக்கும். குறை சொல்லவே முடியாது. சத்தம் கேட்டதும் சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாரும் செல்போனை எடுத்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "எந்த ஆபீஸ்?" (எங்கள் பக்கம் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர். ஆபீசுக்குப் போறேன் என்று தூக்குவாளியோடு வேன் ஏறுகிறவர்களில் பாதிக்குமேல் பெண்கள்.) பிறகு தீயணைப்பு வண்டி, பிறகு 108, பிறகு தாசில்தார். பொழுது சாய்வதற்குள் சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் ஆழ்ந்த இரங்கல். கூடவே ரேட்டு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் வெடித்தபோது, செத்தவர் குடும்பத்துக்கு மத்திய அரசு 2 லட்சம், மாநில அரசு 3 லட்சம். பலத்த காயம் என்றால் மத்திய அரசு 50,000, மாநில அரசு 1 லட்சம். ஆடிப்பெருக்கு அன்று சங்குசக்கரத்துக்கு இவ்வளவு, புஸ்வாணத்துக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் போடுவார்களே, அதே சுத்தம். மறுநாள் போர்மேன் கைது. முதலாளி தலைமறைவு. ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருந்தது 'தெரியவந்தது'. எத்தனையாவது தடவையாகத் தெரியவருகிறது என்று கேட்கக் கூடாது, அது அநாகரிகம்.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 அச்சங்குளம், 2023 அக்டோபர் 17 ஒரே நாளில் ரெங்கபாளையமும் கிச்சநாயக்கன்பட்டியும், 2024 மே 9 செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. இத்தனையிலும் இந்த ஒழுங்கு ஒரு நாளும் தவறியதில்லை. ஒரே ஓர் ஆள்தான் வரிசையில் வருவதில்லை. தோல் ஒட்டத் தெரிந்த டாக்டர்.

வெந்த உடம்பை எப்படிக் காப்பாற்றுவது என்பது மருத்துவத்துக்குத் தெரியாத ரகசியமில்லை. எம்.பி.பி.எஸ். மாணவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் கணக்கு ஒன்று உண்டு: உடல் எடையை வெந்த சதவீதத்தால் பெருக்கு, அதை நாலால் பெருக்கு, அத்தனை மில்லி சலைன் முதல் நாளில் ஏற வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 60 சதவீதக் காயம் என்றால் 12 லிட்டர். அதில் 6 லிட்டர் முதல் 8 மணி நேரத்துக்குள். அந்த 8 மணி நேரம் வார்டில் படுக்கவைத்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை, வெந்த நிமிஷத்திலிருந்து ஓடுகிறது. புகையை உள்ளே இழுத்தவருக்குத் தொண்டை வீங்கும், அது அடைத்துக்கொள்வதற்கு முன்னால் குழாய் இறக்க மயக்க மருந்து நிபுணர் வேண்டும். மார்பைச் சுற்றி வெந்த தோல் இறுகினால் மூச்சு விட முடியாது, உடனே கீறிவிட ஆள் வேண்டும். செத்த தோலைச் சில நாட்களுக்குள் செதுக்கி எடுத்துவிட்டு, வேகாத இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். இதெல்லாம் தாமதமானால் கிருமி உள்ளே போகும். வெடித்த அன்று பிழைத்தவர்களில் சிலர் இரண்டாவது வாரத்தில் சாவது இப்படித்தான். அதற்குள் டிவி வேன்கள் கிளம்பிப் போயிருக்கும்.

சிவகாசி அரசு மருத்துவமனையில் தீப்புண் வார்டு உண்டு. வெடித்த நாட்களில் அங்கே இருக்கும் டாக்டர்களும் நர்ஸ்களும் படும் பாட்டை ஊரே அறியும், அவர்களைப் பற்றியல்ல இந்தப் பேச்சு. காயம் பலமென்றால் மதுரை. எழுபது கிலோமீட்டருக்கு மேல். "மதுரைக்கு ஏத்தியாச்சு" என்று ஒருவர் சொன்னால், எதிரே நிற்பவர் ஆள் யாரென்று கேட்பதற்கு முன்னால், "எத்தன பர்சன்ட்?" என்று கேட்பார். நாற்பது என்றால் கோவிலுக்கு நேர்ந்துகொள்வார்கள். எண்பது என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

எங்கள் மாவட்டத்துக்குச் சதவீதம் ஒன்றும் புதிதல்ல. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் வருஷக்கணக்காக மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. ரிசல்ட் வந்தால் பேப்பரில் முதல் பக்கத்தில் விருதுநகர். கந்தக பூமி, வானம் பார்த்த பூமி, படிப்பைத் தவிர நாதியில்லாத பூமி என்று பாராட்டுரை வேறு. அந்தத் தேர்ச்சியையெல்லாம் வைத்துக்கொண்டு இத்தனை வருஷத்தில் வீதிக்கு ஒரு சர்ஜன் முளைத்திருக்க வேண்டும். 2017இல் நீட் வந்தது. பிளஸ் டூ மார்க்கை மடித்துப் பீரோவில் வை என்றது. பயர் ஆபீசில் பீஸ் ரேட்டுக்கு வெடி சுற்றும் அம்மாவின் மகள் லட்சக்கணக்கில் கட்டிக் கோச்சிங் போனால்தான் டாக்டர் ஆகலாம் என்று ஏற்பாடானது. அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்த பிறகு, நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் ஒதுக்கச் சொன்னது. அரசு அதை 7.5 ஆக்கியது. அந்த 7.5க்கும் கவர்னர் கையெழுத்து வாங்க 2020 அக்டோபர் கடைசி வரை காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. பொறுமை கெட்டு அரசு தனியாக அரசாணை போட்ட மறுநாள்தான் ராஜ்பவன் பேனாவில் மை ஊறியது.

ஆனால் டாக்டர் ஆவது கதையின் முதல் வாசல்தான். தோல் ஒட்டுகிறவர் ஆக இன்னும் இரண்டு வாசல் தாண்ட வேண்டும். எம்.பி.பி.எஸ். முடிய ஐந்தரை வருஷம், பிறகு முதுநிலை அறுவைசிகிச்சை 3 வருஷம், அதற்குமேல் பிளாஸ்டிக் சர்ஜரி 3 வருஷம். முப்பது வயதைத் தாண்டி, தலையில் பாதி முடி கொட்டி வெளியே வருகிற அந்த டாக்டர் அடுத்து என்ன செய்கிறார்? பெருநகரத்தில் ஏசி கிளினிக் திறந்து மற்றவர் தலையில் முடி நடுகிறார். மூக்கை நிமிர்த்துகிறார், தொப்பையை உறிஞ்சுகிறார். நான் அவரைத் திட்டமாட்டேன். அவருடைய நோயாளி நடந்து வருவார், கார்டைத் தேய்த்துப் பணம் கட்டுவார், நடந்தே வீட்டுக்குப் போவார். தீப்புண் நோயாளி இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் செய்யமாட்டார். ஆறு மாசம் படுத்துக் கிடப்பார், நாறுவார், கத்துவார், கடைசியில் செத்தும் போவார். இதை யார் விரும்பி ஏற்பார்கள்? ஏற்கிறவரும் இருக்கிறார். அவர் பெரும்பாலும் அரசாஸ்பத்திரியில் இருக்கிறார். அவரைத்தான் நாம் நன்றாகக் கவனித்துக்கொள்கிறோமே! சம்பளத்தை 2009ஆம் வருஷத்து அரசாணை 354இன்படி திருத்திக் கொடு என்று 2019இல் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதில் இடமாற்ற உத்தரவாக வந்தது.

இடமாற்றம் என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் எந்த அதிகாரியும் கீழே உள்ளவனை மிரட்ட என்ன சொல்வார்? "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." அந்தக் காடு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டாம். பழைய ராமநாதபுரம் ஜில்லாதான், அதிலிருந்து 1985இல் பிரிந்ததுதான் எங்கள் மாவட்டம். ஒரு மாவட்டத்தைத் தண்டனையாக வைத்திருக்கும் அரசாங்கம், அங்கே நிபுணர்கள் ஏன் வர மறுக்கிறார்கள் என்று ஆய்வுக் கூட்டம் நடத்தும்போது, டீ பிஸ்கட்டோடு முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொள்வது பெரிய திறமை. டெல்லி மட்டும் என்ன? நிதி ஆயோக் 2018இல் நாடு முழுவதும் பின்தங்கிய மாவட்டங்களைப் பொறுக்கியெடுத்து, முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் என்று பட்டம் கட்டியது. தமிழ்நாட்டிலிருந்து இரண்டே இரண்டு: ராமநாதபுரம், விருதுநகர். துடிப்பது உண்மைதான். தோல் இல்லாத உடம்பு துடிக்கத்தான் செய்யும்.

அதே டெல்லி 2010இல் தீப்புண் தடுப்புக்கென்று ஒரு தேசியத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. நாட்டில் தீப்புண் எங்கே என்று கேட்டால் ஒன்றாங்கிளாஸ் பிள்ளையும் வெடி செய்கிற ஊர்ப் பெயரைச் சொல்லும். அவர்கள் தேர்ந்தெடுத்த மாநிலங்கள் அசாம், அரியானா, இமாசலப் பிரதேசம். அங்கேயும் மனிதர்கள் வேகிறார்கள், அவர்களுக்கும் வைத்தியம் வேண்டும், மறுக்கவில்லை. இமாசலத்தின் பனியிலிருந்து தொடங்கி மெதுவாகத் தெற்கே இறங்கி வரலாம் என்ற பொறுமைதான் என்னை வியக்க வைக்கிறது.

இந்த அவலத்துக்குத் தமிழ்நாட்டில் ஓர் உருப்படியான வைத்தியம் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குப்பை கொட்டும் அரசு டாக்டருக்கு, முதுநிலைப் படிப்பில் மாநிலத்தின் பங்கிலிருந்து பாதி இடம். பாம்புக்கடியும் பிரசவமும் பார்த்துப் பழகிய ஆள், நிபுணராகத் திரும்பி வருவார். ஓய்வு பெறும்வரை அரசு வேலையிலேயே இருப்பேன் என்று பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் படிக்கவே போக முடியும். கிராமத்து வீட்டில் பிறந்தவர், தாழ்த்தப்பட்டவர், பெண், குடும்பத்தில் முதலில் படித்தவர் என்று பலதரப்பட்டவர்களும் நிபுணர் நாற்காலிக்கு வந்த வாசல்களில் இதுவும் ஒன்று. இப்படி ஒரு நல்ல காரியம் கண்ணில் பட்டால் சும்மா விடுவார்களா? 2017இல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதி குறுக்கே வந்து படுத்தது. பாதி இடம் போய், கஷ்டமான ஊரில் வேலை பார்த்ததற்கு மார்க் கூட்டிப் போடும் சில்லறை ஏற்பாடு வந்தது. மூன்று வருஷம் கோர்ட்டில் கிடந்து, 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இது மாநிலத்தின் அதிகாரம், கவுன்சிலுக்கு இதில் வேலையில்லை என்று சொன்னது.

அப்பாடா என்று உட்கார முடியவில்லை. பிளாஸ்டிக் சர்ஜரி இருப்பது அதற்கும் மேல் மாடியில், சூப்பர் ஸ்பெஷாலிட்டியில். தமிழ்நாட்டின் காசில் கட்டிய கல்லூரி, தமிழ்நாட்டின் காசில் சம்பளம் வாங்கும் பேராசிரியர்; இடத்தை நிரப்பியது மட்டும் முழுக்க டெல்லி. 2020 நவம்பரில் அதில் பாதியை அரசு டாக்டர்களுக்கு ஒதுக்கி மாநில அரசு ஆணை போட்டது. அதே மாதம் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம், இந்த வருஷம் வேண்டாம் என்றது. 2022 மார்ச் 16 அன்றுதான் சரி, நிரப்பிக்கொள் என்றது. அதற்கு இடையில்தான் அச்சங்குளம். வெந்தவர்கள் இடைக்காலத் தடை வாங்கிக்கொண்டு காத்திருந்திருக்க வேண்டும். சட்டம் தெரியாதவர்கள், வாங்கவில்லை.

எதிர்த்து நின்றவர்களின் வாதம் ஒன்றுதான்: தகுதி. இப்படியெல்லாம் ஒதுக்கினால் தகுதி செத்துப்போகும். இந்தத் தகுதிக்கு நம் ஊரில் வயது அதிகம். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கு. மருத்துவக் கல்லூரியில் சேரவிடாமல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை தன்னைத் தடுக்கிறது என்று வழக்கு. அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது கோர்ட்டிலேயே தெரிந்த விஷயம். இருந்தும் அரசாணை செத்தது. போடாத விண்ணப்பத்தின் தகுதி அவ்வளவு பெரியது, அதைச் சரிக்கட்ட அரசியல் சட்டத்துக்கே முதல் திருத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

சரி, தகுதியை மதிப்போம். 2023 செப்டம்பரில் என்ன நடந்தது? முதுநிலை நீட் தேர்வில் கட்-ஆஃப் மார்க்கை எல்லாப் பிரிவுக்கும் பூஜ்யம் பர்சென்டைலாகக் குறைத்தார்கள். 800 மார்க் பரீட்சை. தப்பாக எழுதினால் மார்க் கழியும். கழிந்து கழிந்து மைனஸ் 40க்குப் போனவரும் தகுதி பெற்றார். ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடிவைத்துத் தூங்கியிருந்தால் பூஜ்யம் வந்திருக்கும், அவரைவிட 40 மார்க் அதிகம். ஏன் இந்தக் கருணை? இடம் காலியாகக் கிடந்து வீணாகக் கூடாதாம். தனியார் கல்லூரியில் காலி இடம் என்பது காலிக் கல்லாப்பெட்டி. கோடிகளில் பேசும் நிர்வாக ஒதுக்கீட்டின் வாசலில் தகுதி செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போகும். அதே தகுதி, எங்கள் பக்கத்து வெம்பக்கோட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தால் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலை மறிக்கும். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே, நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பில், போட்டித் தேர்வு மார்க் மட்டும் தகுதி ஆகிவிடாது என்று விளக்கியிருந்தது. படித்தவர்கள் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்கள்.

சூப்பர் ஸ்பெஷாலிட்டி மாடியில் தாழ்த்தப்பட்டவர், பழங்குடி, பிற்படுத்தப்பட்டவர் என்று எந்த ஒதுக்கீடும் கிடையாது. இத்தனை உயரத்தில் அது உசிதமில்லை என்று 1992 மண்டல் தீர்ப்பிலேயே கோடு கிழித்துவிட்டார்கள். கீழ் மாடிகளில் ஏறுகிறவர்களின் கதியும் தெரிந்ததுதான். டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்று 2007இல் சுகதேவ் தோரட் குழு எழுதி வைத்திருக்கிறது. 2019 மே மாதம் மும்பையில் மகப்பேறு மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பழங்குடிப் பெண் பாயல் தட்வி உயிரை விட்டார். சாதி சொல்லி இழிவுபடுத்தியதாக மூன்று சீனியர் டாக்டர்கள் மீது வழக்கு. அறுவைசிகிச்சைத் துறைகளிலோ இன்றும் கத்தி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

நெருப்புக்கு இந்தத் தயக்கம் ஒன்றும் இல்லை. சமூகநீதியை அதைப்போல் அமல்படுத்துகிறவர் யாரும் கிடையாது. அதன் கோட்டா நூற்றுக்கு நூறு நிரம்பும். ரோஸ்டர் மீறல் இல்லை, பேக்லாக் இல்லை, 'தகுந்தவர் கிடைக்கவில்லை' என்று ஒரு தடவைகூடக் கோப்பில் எழுதியதில்லை. சேரியிலிருந்தும் காலனியிலிருந்தும் கரிசல் காய்ந்துபோன சம்சாரி வீட்டிலிருந்தும் ஆளெடுக்கும். பெண்களுக்குத் தாராளமான பங்கு. வயது வரம்பு இல்லை, அனுபவம் தேவையில்லை. மேல்மாடியில் பன்முகம் எங்கே என்று கேட்பவர்கள் கீழே வந்து தீப்புண் வார்டில் பார்க்கலாம், அத்தனை முகமும் அங்கே இருக்கும். அடையாளம் தெரிகிற முகங்கள் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

சட்டத்தில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டினால் ஈ.எஸ்.ஐ. உண்டு. வைத்தியம் மட்டுமல்ல, ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் காப்பீடு பெற்ற தொழிலாளியின் பிள்ளைக்கென்று தனி இடமும் உண்டு. எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்: வெடி சுற்றுகிறவளின் மகள் டாக்டராகலாம்! ஆனால் ஆலை நாக்பூர் வெடிபொருள் துறை லைசென்ஸில் ஒருவர் பெயரில் இருக்கும், நடத்துவது உள்குத்தகைக்காரர், அறை அறையாக எடுத்து வேலை வாங்குவது இன்னொருவர். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரே இல்லை. பதிவேட்டில் இல்லாதவளுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இல்லை, அட்டை இல்லாதவள் மகளுக்குக் கோட்டா இல்லை. அவள் பெயர் முதன்முதலாக ஓர் அரசாங்கக் காகிதத்தில் தொழிலாளி என்று ஏறுவது எப்.ஐ.ஆரில்.

பிழைத்தவர்களின் பாடு வேறு. தீப்புண் ஆறினால் தோல் சுருங்கி இழுக்கும். கழுத்து மார்போடு ஒட்டும், முழங்கை மடங்கினபடி நிற்கும், விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கட்டியாகும். இதைப் பிரித்துவிடுவது பிளாஸ்டிக் சர்ஜனின் அன்றாட வேலை. ஒரு தடவையில் முடியாது, இரண்டு மூன்று ஆபரேஷன் ஆகும், நடுவில் மாசக்கணக்கில் பிசியோதெரபி. ஒவ்வொன்றுக்கும் மதுரை, ஒவ்வொன்றுக்கும் பஸ், துணைக்கு வருபவரின் கூலி போச்சு. முதல் ஆபரேஷனோடு நிறுத்திக்கொண்டவர்களை எங்கள் ஊர்களில் ரேஷன் கடை வரிசையில் பார்க்கலாம். கைரேகை மிஷினில் விரலை வைக்கிறார் ஓர் அக்கா. சிவப்பு விளக்கு.

"வேற வெரல வைங்கக்கா."

"எல்லாம் ஒரே வெரல்தான் தம்பி."

கடைக்காரத் தம்பி நல்லவர், தலையைக் குனிந்துகொண்டு ஆதாருக்கு ஓ.டி.பி. அனுப்புகிறேன் என்கிறார். போன் மகனிடம் இருக்கிறது, மகன் ஆபீசில் இருக்கிறான்.

விருதுநகர்ப் பக்கம் காமராஜரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மருத்துவக் கல்லூரிக்கு ஆள் எடுக்க வேண்டும், விண்ணப்பக் கட்டு முன்னால் கிடக்கிறது. எந்தெந்த விண்ணப்பத்தில் தகப்பன் கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு இருந்ததோ, அதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாராம். நடந்ததோ இல்லையோ, அப்படி நடந்திருக்க வேண்டும் என்று ஒரு ஊர் ஆசைப்பட்டு வைத்திருக்கும் கதை. இன்றைக்கு அந்தக் கட்டு அவர் முன்னால் வந்தால் என்ன செய்வார்? கைநாட்டு வைக்கவும் விரல் வேண்டுமே.

அவர் பிறந்த ஊரில் இப்போது மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் திறந்துவைத்த 11 கல்லூரிகளில் ஒன்று, 150 இடம். திறந்ததில் சந்தோஷம். கட்டடம் என்றால் எல்லாக் கட்சிக்கும் பிடிக்கும், கல்வெட்டில் பெயர் போடலாம். நிபுணரின் நெற்றியில் பெயர் போட முடியாது என்பதுதான் சிக்கல். எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: ராத்திரி 2 மணிக்கும் கத்தி எடுக்கக்கூடிய முழு அளவிலான தீப்புண் துறை, அதில் படிக்க நாலு பிளாஸ்டிக் சர்ஜரி இடம், அந்த இடத்தில் பட்டாசு வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்த டாக்டர்கள், படித்து முடித்ததும் குடும்பத்தோடு இங்கேயே இருக்க நல்ல குவார்ட்டர்ஸும் சம்பளமும். இது ராக்கெட் விடுகிற வேலையில்லை. ராக்கெட் நாங்களே விடுவோம்.

இந்த யோசனை தகுதிக்கு விரோதம் என்று மறுபடியும் யாராவது கிளம்பினால், என்னிடம் மாற்று யோசனை ஒன்று இருக்கிறது. 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், முதுநிலை மருத்துவ இடங்களை அந்தந்த மாநிலத்தில் குடியிருப்பவர் என்பதற்காக ஒதுக்குவது அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தியர் எல்லாரும் இந்தியாவில்தான் குடியிருக்கிறார்கள், மாநிலக் குடி என்று தனியாக ஒன்றில்லை. தலைவணங்குகிறேன். ஆனால் எங்கள் மாவட்டத்தில் இந்த 14ஆம் பிரிவு பட்டப்பகலில் மீறப்படும் இடம் ஒன்று இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. அதுதான் பயர் ஆபீசின் மருந்துக் கலவை அறை.

காலங்காலமாக அந்த அறையின் அத்தனை இடமும் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி ஆட்களுக்கே போய்க்கொண்டிருக்கிறது. இது என்ன நியாயம்? தெற்கு டெல்லியில் பிறந்தது ஒரு பையனின் குற்றமா? மும்பை மலபார் ஹில் பெண்ணுக்கு அலுமினியத் தூளைச் சலிக்கும் வாய்ப்பு ஏன் மறுக்கப்படுகிறது? உடனடியாக இந்தக் குடியிருப்பு ஒதுக்கீட்டை ரத்துசெய்து, அகில இந்தியக் கலவை அறை நுழைவுத் தேர்வு ஒன்றை நடத்த வேண்டும். கணினியில், ஒரே நாளில், 800 மார்க்குக்கு. ஒரு கொட்டகைக்கு நாலு பேருக்குமேல் கூடாது என்பது விதி, ஆகவே நாலு சீட். இரண்டு அகில இந்திய ஒதுக்கீடு. ஒன்று நிர்வாக ஒதுக்கீடு, முதலாளி தன் சொந்தக்காரர் யாரை வேண்டுமானாலும் உட்காரவைக்கலாம். மிச்சம் ஒன்று என்.ஆர்.ஐ.க்கு, நியூஜெர்சியில் தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்தித் தாய்நாட்டை நினைத்துக்கொள்கிறவர்களுக்கு வேர்களைத் தேடிவர ஒரு வாய்ப்பு. உள்ளூர்க்காரர்கள் பொதுப் போட்டியில் மோதட்டும், தகுதி இருந்தால் வரட்டும். கோச்சிங் சென்டர்கள் பிளக்ஸ் அடிக்கட்டும்: எங்கள் மாணவி அகில இந்திய அளவில் முதலிடம், கலவை அறை, ஏழாயிரம்பண்ணை.

முதல் சுற்றுக் கவுன்சலிங்கில் ஒருவரும் சேரமாட்டார்கள். இரண்டாம் சுற்று, மாப்-அப் சுற்று, கடைசியில் உதிரி இடச் சுற்று. கட்-ஆஃப் ஐம்பதிலிருந்து முப்பதுக்கு, முப்பதிலிருந்து பத்துக்கு, பத்திலிருந்து பூஜ்யம் பர்சென்டைலுக்கு. மைனஸ் 40 எடுத்தவரையும் போன் போட்டுக் கூப்பிடுவார்கள், அவரும் எடுக்கமாட்டார். அப்போது நாலு சீட்டையும் மரியாதையாக மாவட்டத்துக்கே சரண்டர் செய்வார்கள். செல்லாத்தாளும் முனியாண்டியும் அவர்கள் சேக்காளிகளும் போய் உட்கார்ந்து சல்லடையைக் கையில் எடுப்பார்கள். அந்த ஒதுக்கீட்டை எதிர்த்து மட்டும் ஒரு வக்கீலும் 14ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு டெல்லிக்கு ஓடமாட்டார்.